உழுவதற்கு வேறு நிலங்கள்

அன்புள்ள ஐயா,

பண்டைய கிரேக்க நாடகங்களான சோஃபோக்ளீஸின் ‘ஆன்டிகனி’யையும் யூரிப்பிடிஸின் ‘மெடியா’வையும் அடுத்தடுத்து வாசித்தேன். அரசனை எதிர்த்து நிற்கும் ஆன்டிகனியையும், கைவிட்ட கணவனைப் பழிவாங்கும் மெடியாவையும் மேடையேற்றிய ஏதென்ஸ் நகரத்தில் பெண்கள் மதிப்போடுதான் வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். சரிதானா?

ச.

அன்புள்ள ச.,

அப்படி எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஏதென்ஸின் பெண்ணுக்கு மக்கள் மன்றத்தில் இடமில்லை. தந்தை, கணவன், மகன் என்று யாரேனும் ஓர் ஆண் அவளுக்குச் சட்டப்படி காப்பாளனாக இருந்தான். மெடியாவாக மேடையேறியவரும் முகமூடி அணிந்த ஆண் நடிகரே. பெண்கள் பேசும் வீர வசனங்களைவிட, அவர்களைப் பற்றி ஆண்கள் போகிற போக்கில் சொல்லிவிடும் சொற்களைக் கவனியுங்கள். ஊர் வழக்கம் அங்கேதான் வெளிப்படுகிறது.

உங்கள் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்லப் போகிறீர்கள் என்று ஆன்டிகனிக்காக அவள் சகோதரி இஸ்மினி பதறிக் கேட்கிறாள். உழுவதற்கு வேறு நிலங்கள் உண்டு என்கிறான் அரசன் கிரியோன். அதை ஒரு கொடுங்கோலனின் வக்கிரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிற்காலத்து கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் மகளை மணம் செய்து கொடுக்கும் தந்தை, முறையான பிள்ளைகளை உழுது பெறுவதற்காக இவளைத் தருகிறேன் என்றே சொல்கிறான். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸுக்காக வாதாடும் அப்பலோ தேவன், விதைத்தவனே பெற்றவன், தாய் அந்த முளையைப் பேணும் செவிலி மட்டுமே என்கிறான். வாக்குகள் சமமாகப் பிரிய, ஒரெஸ்டிஸ் விடுதலையாகிறான்.

கி.மு. 431இல் வந்த ‘மெடியா’வில் அந்த நிலமே வாய்திறந்து பேசுவதாக எனக்குப் படுகிறது. ஏராளமான பொருள் கொடுத்து ஒரு கணவனை வாங்கி, அவனையே நம் உடலுக்கு எஜமானன் ஆக்குகிறோம் என்று கொரிந்து நகரத்துப் பெண்களிடம் மெடியா சொல்கிறாள். நாம் வீட்டுக்குள் ஆபத்தின்றி வாழ்வதாக ஆண்கள் பேசுகிறார்கள்; ஒரு பிள்ளை பெறுவதைவிட, கேடயம் ஏந்தி மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள்.

வரதட்சணை பற்றிய பேச்சில் சற்று நின்று பாருங்கள். மெடியாவுக்கு யாரும் சீர் கொடுத்து அனுப்பவில்லை. தந்தைக்குத் துரோகம் செய்து, பின்னர் அவளைக் கைவிட்ட கணவன் ஜேசனோடு கப்பலேறி வந்தவள் அவள். ஆகவே அது அவளுடைய கதையே அன்று. அரங்கில் அமர்ந்திருந்த ஆண்களின் மனைவியரும் மகள்களும் வாழ்ந்த கதை. யூரிப்பிடிஸ் இதை அறிந்தேதான் எழுதினார் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் சில வரிகள் கழித்து மெடியாவே, உங்களுக்கு ஊர் உண்டு, தந்தை வீடு உண்டு, எனக்கோ எதுவும் இல்லை என்று தன்னைப் பிரித்துக் காட்டுகிறாள். அதைக் கேட்ட பிறகே அந்தப் பெண்கள், அவள் தேடும் பழிவாங்கலை யாரிடமும் சொல்லாமல் காப்பதாக அவளுக்கு வாக்களிக்கிறார்கள்.

அன்புடன்