உள்ளே போகும் மெயில் வெளியே போகவில்லை: ரிலே சிக்கலைத் தீர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் உபுண்டு கணினி ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி மெயில் சர்வராக வைத்திருக்கிறோம். சர்வரிலிருந்தே ஜிமெயில் முகவரிக்கு அனுப்பினால் போய்விடுகிறது. மற்ற கணினிகளிலிருந்து அலுவலக முகவரிகளுக்கும் போகிறது. ஆனால் அவற்றிலிருந்து வெளி முகவரிக்கு அனுப்பினால் ‘454 4.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்’ என்று, அதாவது மெயிலை வெளியே கடத்திவிட (ரிலே செய்ய) அனுமதி இல்லை என்று வருகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் நம்ப வேண்டிய முகவரிகளைச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். போட்டால் பிழைச் செய்தி போய்விடும், உண்மைதான். கூடவே, இணையத்திலிருந்து சர்வரை எட்ட முடிகிற யாரும் அதன் வழியாக யாருக்கும் மெயில் அனுப்பலாம். ஸ்பேம் ஆசாமிகள் இப்படித் திறந்து கிடக்கும் சர்வர்களை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஐபி முகவரி பிளாக்லிஸ்ட்டில் (ஸ்பேம் அனுப்புவோரின் தடைப் பட்டியலில்) ஏறிவிட்டால் நீங்கள் அனுப்பும் நல்ல மெயிலும் திரும்பி வரும். ஒரு காலத்தில் ரிலே இப்படி எல்லோருக்கும் திறந்திருப்பதுதான் வழக்கம். பழைய மெயில் சர்வர் மென்பொருளான சென்ட்மெயில்கூட 1998இல் வந்த 8.9 பதிப்பிலிருந்துதான் அதை இயல்பாகவே மூடி வைத்தது.

சிக்கல் எங்கே என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சர்வரிலிருந்து ஜிமெயிலுக்குப் போகிறது என்றால், சர்வர்கள் மெயில் பரிமாறும் வழியான 25ஆம் போர்ட்டை இணைய நிறுவனம் அடைக்கவில்லை, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் ஒழுங்காக இருக்கிறது. மற்ற கணினிகளிலிருந்து அலுவலக முகவரிக்குப் போகிறது என்றால் ஃபயர்வாலும் குறுக்கே நிற்கவில்லை. மிச்சம் ஒன்றுதான்: அந்தக் கணினிகள் நம்முடையவை என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியவில்லை. உபுண்டுவில் மைநெட்வொர்க்ஸ் வரியில் வழக்கமாக 127.0.0.0/8 போன்ற சர்வரின் சொந்த முகவரிகள் மட்டுமே இருக்கும்.

எதையும் மாற்றும் முன், சர்வரில் நடப்பதைப் பதியும் மெயில்.லாக் கோப்பைத் திறந்து, ரிலே மறுக்கப்பட்ட வரியைப் பாருங்கள். அதில் சதுர அடைப்புக்குள் ஓர் ஐபி முகவரி இருக்கும். கணினியில் நீங்கள் பார்க்கும் முகவரி எதுவாக இருந்தாலும் சரி, போஸ்ட்ஃபிக்ஸ் முடிவெடுப்பது இதை வைத்துத்தான். அது 192.168.1.23 என்பதுபோல இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சிஎஃப் கோப்பின் மைநெட்வொர்க்ஸ் வரியில் ஏற்கெனவே உள்ளதை அழிக்காமல் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) என்று சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். சர்வரின் முகவரியையே 192.168.1.5/24 என்று எழுதிவிடாதீர்கள், கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும். அதே வரியின் கடைசியில் # போட்டுக் குறிப்பும் எழுதக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸ் அதையும் மதிப்பாகவே படிக்கும். கோப்பில் மைநெட்வொர்க்ஸ் இரண்டு இடத்தில் இருந்தால் கீழே உள்ளதுதான் செல்லும். இவ்வளவும் சரியாக இருந்தும் மறுத்தால், ரிலே கட்டுப்பாட்டு வரியில் அனுமதிக்கும் விதி மறுக்கும் விதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் லாக்கில் ரூட்டரின் முகவரி, அதாவது 192.168.1.1 வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். சில ரூட்டர்கள் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிடும்போது (போர்ட் ஃபார்வர்டு) அனுப்புபவரின் முகவரியை எடுத்துவிட்டுத் தம் முகவரியைப் போட்டு உள்ளே அனுப்பும். அப்போது வெளியிலிருந்து வருகிற ஸ்பேமரும் உங்கள் அலுவலகத்து ஆளாகவே தெரிவார். 0.0.0.0/0 போடாமலேயே அதே கதிதான். ரூட்டர் அமைப்பைத் திருத்துவதே சரியான வழி. அதுவரை மைநெட்வொர்க்ஸில் !192.168.1.1 (! என்றால் ‘இது தவிர’) என்பதை முதலிலும் 192.168.1.0/24 என்பதை அதற்குப் பின்னும் வையுங்கள். இடமிருந்து வலமாகப் படித்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்வது போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கம். மென்பொருளைத் தனிப் பெட்டி போலப் பிரித்து ஓட்டும் டாக்கருக்குள் சர்வரை ஓட்டுபவர்களுக்கும் இந்தத் தொல்லை வருவதுண்டு.

என்னைக் கேட்டால், மைநெட்வொர்க்ஸில் மொத்த நெட்வொர்க்கையும் சேர்க்கவே மாட்டேன். விருந்தினர் வைஃபையும் அதே நெட்வொர்க்கில் இருந்தால், வைரஸ் ஏறிய ஒரு லேப்டாப் போதும். கடவுச்சொல் கேட்காமல் அனுப்பும் ஸ்கேனர், பழைய பில்லிங் கணினி போன்றவற்றுக்கு நிலையான ஐபி கொடுத்து, அவற்றை மட்டும் சேர்க்கலாம். மனிதர்கள் பயன்படுத்தும் கணினிகளுக்கெல்லாம் 587ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துடன் கடவுச்சொல் முறை. மெயில் பெட்டிகளைப் படிக்க உதவும் டவ்காட் மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் இதை அமைப்பது பெரிய வேலையில்லை. ஊழியர் வீட்டிலிருந்து அனுப்பினாலும் அதே அமைப்பு வேலை செய்யும்.

கடைசியாக, வெளியிலிருந்து 25ஆம் போர்ட்டில் சர்வரை எட்ட முடியும் என்றால், வேறு நெட்வொர்க்கிலிருந்து டெல்நெட் கட்டளையில் இணைந்து ஒரு வெளி முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். மொபைல் டேட்டாவில் அந்தப் போர்ட் அடைபட்டிருக்கலாம் என்பதால், வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றிலிருந்து பார்ப்பது நல்லது. அங்கே மட்டும் ‘ரிலே ஆக்சஸ் டினைட்’ வந்தே ஆக வேண்டும்.