கோடையில் ஸெர்மாட்: ஏற ரயில், நடக்கக் கால்

ஜூலையில் சுவிட்சர்லாந்து போகிறோம். ஸெர்மாட் பனிச்சறுக்கு ஊராமே, பனி இல்லாத மாதத்தில் அங்கே இரண்டு நாள் தங்குவது வீண்தானே? (வாசகர், கோவை)

வீணே இல்லை. பெர்னில் குடியிருக்கும் நான் நடப்பதற்காகவே அங்கே போவது ஜூலை, ஆகஸ்டில்தான். குளிர்காலத்தில் சறுக்க வருபவர்களை மேலே கொண்டுபோகும் அதே ரயிலும் கேபிள் காரும் கோடையில் நம்மைக் கொண்டுபோகின்றன. அதனால் மூச்சு வாங்க ஏறாமலே உயரத்தில் நடக்கலாம்.

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் ஐந்து ஏரிப் பாதையைச் சொல்வேன். ஊரிலிருந்து சுரங்கத்துக்குள் ஏறும் ரயிலில் சுன்னெகா (2,288 மீட்டர்), அங்கிருந்து கேபிள் காரில் பிளாவ்ஹெர்ட் (2,571 மீட்டர்). சுன்னெகா ஏறக்குறைய ஊட்டி உயரம். பிளாவ்ஹெர்ட் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் தாழ்வு. பிளாவ்ஹெர்டில் இறங்கியதும் மனம் சுருங்கிவிட வேண்டாம். சறுக்குவதற்காகச் செதுக்கிய சரிவுகளும் செயற்கைப் பனி தூவும் கருவிகளும் ஜல்லிச் சாலையுமாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் நடந்தால் ஸ்டெல்லி ஏரி. காற்று எழுவதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள். மேட்டர்ஹார்ன் சிகரம் தண்ணீரில் தலைகீழாக, நுனி வரை தெளிவாகத் தெரியும்.

அடுத்து கிரிண்ட்ஜி ஏரி, சுற்றிலும் லார்ச் மரங்கள். மூஸ்ஜி ஏரிக்கு வந்தால் நிறமே வேறு. பனியாறு பாறையை அரைத்த மாவு கலந்து, பால் விட்ட நீலப்பச்சையாக இருக்கும். குளிர்காலத்தில் சரிவுகளில் தூவும் செயற்கைப் பனிக்கு இந்தத் தண்ணீரும் போகிறது. சுன்னெகாவில் முடியும் இந்த நடை மொத்தம் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நின்று நின்று நடந்தால் அரை நாள் ஆகும்.

கால் இன்னும் வலுவாக இருந்தால் சுன்னெகாவில் ரயிலேறாமல் ஃபின்டெல்ன் என்ற சிற்றூர் வழியாக ஊருக்கு இறங்குங்கள். வெயிலில் கறுத்துப்போன பழைய லார்ச் மர வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் அங்கே இருக்கின்றன. களஞ்சியத்தின் அடியில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு மரக்காலின் தலையிலும் ஒரு வட்டப் பலகைக்கல், அதன் மேல்தான் கட்டடம். காலில் ஏறும் எலி அந்தக் கல்லின் விளிம்பைத் தாண்ட முடியாது. எங்கள் பக்கத்து நெற்குதிர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை விட்டு நகரவே எனக்கு மனம் வராது.

அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுத்தான் நடக்கப் போக வேண்டுமா? (வாசகி, மதுரை)

தயவுசெய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் இருக்கிறது. ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கினால் ரிஃபெல் ஏரி பத்து நிமிட நடை. என் அம்மா வந்திருந்தபோது அங்கேதான் கூட்டிப் போனேன். ஃபிளாஸ்க் டீயோடு ஒரு பாறையில் உட்கார்ந்தவர், அடுத்த ரயிலுக்கும் அதற்கடுத்த ரயிலுக்கும் எழுந்திருக்கவில்லை.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. திரும்பும்போதும் ரயிலிலேயே வரட்டும். கைத்தடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான், அதனால் வந்து இறங்கிய அன்றே உச்சிக்குப் போக வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

தனியாக நடக்க ஆசை. வழி தப்பினால்? (வாசகி, திருச்சி)

தாராளமாக நடங்கள். பலகைகளே கூட்டிப்போகும். வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல பிடிப்புள்ள ஷூவும் தலைசுற்றாத மனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது மலையேற்றப் பழக்கம் உள்ளவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. புதிதாக நடப்பவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் பயப்படுவது வழி தப்புவதற்கு அல்ல, பிற்பகல் இடிமழைக்குத்தான். கோடையில் காலை வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டுவிடும். காலையில் கிளம்பி மதியத்துக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். கீழே வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மேலே போகும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸெர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் அவசரத்துக்கு 144-ஐ அழைக்கலாம்.

பிள்ளைகள் பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். (வாசகர், சேலம்)

தொடலாம். கேபிள் காரில் கிளைன் மேட்டர்ஹார்ன் போங்கள், 3,883 மீட்டர். கோடையிலும் அங்கே பனியாற்றின் மேல் சறுக்குகிறார்கள். ஆனால் 2022 ஜூலை இறுதியில் வெப்பம் தாங்காமல் கோடைச் சறுக்கையே நிறுத்தினார்கள். 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். கோட்டும் கையுறையும் வெயில் கண்ணாடியும் கட்டாயம். கீழே வெயில் அடித்தாலும் மேலே நடுங்கும்.

சைவச் சாப்பாடு? காரில் போகலாமா? (வாசகர், காரைக்குடி)

பெட்ரோல், டீசல் கார்கள் ஊருக்குள் நுழைய முடியாது. பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலேறினால் 12 நிமிடம். ஊருக்குள் மின்சார டாக்சிதான்.

சாப்பாட்டுக்கு ரோஷ்டி இருக்கிறது, துருவிய உருளைக்கிழங்கைத் தட்டி வறுத்தது. பல கடைகளில் ‘ஸ்பெக்’ என்னும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், ‘ஓனே ஸ்பெக்’ என்று கேட்டு வாங்குங்கள். மலைமேல் உணவகங்களில் விலை அதிகம். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், மதியம் வரை கெடாது. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே குடிக்க நன்றாக இருக்கும்.