வளையம் மறைந்ததால் ஆய்வு வீணாகவில்லை

பச்சைப் பாலில் பிரித்த லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை வளர்த்து, செல்களை நீக்கி எடுத்த வடிநீர், ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்த தட்டில் அது வளராத தெளிவான வளையம் தந்தது, பிஎச்சை (குறைந்தால் அமிலம் அதிகம்) 6.5-க்கு ஏற்றியதும் வளையம் போய்விட்டது, எல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, கவலைப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தின் வேலை. லாக்டோபேசிலஸை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அதைத் தின்று வளரும்போது பிஎச் நன்றாகவே இறங்கிவிடும். அமிலமும் கிருமி எதிர்ப்புதான். ஆனால் அதை பாக்டீரியோசின், அதாவது மற்ற பாக்டீரியாக்களைத் தாக்க ஒரு பாக்டீரியா சுரக்கும் புரதம், என்று எழுதிவிடாதீர்கள்.

ஈ.கோலையை மட்டும் வைத்துச் சோதித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அது கிராம்-நெகட்டிவ், அதாவது கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட வகை; அந்தச் சவ்வு பெரும்பாலான பாக்டீரியோசின்களை உள்ளே விடாது. நிசின் என்ற பிரபலமான பாக்டீரியோசின்கூடத் தனியாக அதை எளிதில் அசைக்காது. வெளிச்சவ்வு இல்லாத மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் அல்லது லிஸ்டீரியா இன்னோகுவா கிடைத்தால் அதில் பாருங்கள். நடுநிலையாக்கிய வடிநீரில் வளையம் வந்தால் அதைப் பிரித்து, ஒரு பங்கில் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி, இன்னொன்றில் புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சேருங்கள். கேட்டலேஸால் வளையம் மறைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. புரோட்டினேஸால் மறைந்தால் செயல்படுவது புரதம். பாக்டீரியோசின் என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு.

அப்புறம், பாக்டீரியா சேர்க்காத எம்ஆர்எஸ்ஸை லாக்டிக் அமிலத்தால் நடுநிலையாக்காத வடிநீரின் அதே பிஎச்சுக்கு இறக்கி, தட்டில் ஒரு குழியில் கட்டாயம் வையுங்கள்; அமிலம் மட்டும் என்ன செய்கிறது என்று தெரியும். பலர் விட்டுவிடும் கட்டுப்பாடு இது.

புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்) என்ற பெயரை இப்போதே சூட்ட வேண்டாம். அமிலத்தையும் பித்த உப்பையும் தாங்குகிறதா, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடலுக்கு நன்மை தருவதும் நிரூபணமாக வேண்டும். அதே பச்சைப் பாலில் சால்மோனெல்லாவும் இருக்கலாம், கையுறையோடு வேலை செய்யுங்கள்.