லிவர்பூல் அணி புது ஸ்டேடியம் கட்டாமல் பழைய ஆன்ஃபீல்டையே ஏன் விரிவாக்கியது?

கிளம்பத்தான் பார்த்தார்கள், பணம் கைகொடுக்கவில்லை. போகாமல் இருந்தது நல்லதுதான் என்று லிவர்பூல் ரசிகனாக நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த நல்லதுக்கு விலை கொடுத்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1884-இல் ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது அதே நகரத்தின் இன்னொரு கால்பந்து அணியான எவர்டன். மைதானத்தைத் தன் பிடியில் வைத்திருந்த மதுபான ஆலை முதலாளி ஜான் ஹோல்டிங்குடன் வாடகைத் தகராறு முற்றி, 1892-இல் அவர்கள் ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி குடிசன் பார்க்குக்குப் போய்விட்டார்கள். மைதானம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை. ஹோல்டிங் புதிதாக ஓர் அணியையே தொடங்கிவிட்டார். அதுதான் லிவர்பூல்.

1906-இல் ஒரு கோல் பக்கம் பெரிய மேடு எழுப்பி, படிப்படியாக நின்று பார்க்கும் இடமாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், 1900-இல் சண்டை நடந்த ஸ்பியான் காப் குன்றின் பெயர் அதற்கு வந்தது, சுருக்கமாக 'காப்'. 1928-இல் கூரையும் போட்டார்கள். ஏறக்குறைய 30,000 பேர் நெருக்கியடித்து நின்ற இடம் அது. அதன் மூலையில் நிற்கும் கொடிக்கம்பம், உடைக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் பாய்மரத் துண்டு. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. 1994-இல் காப்பை இடித்து, சுமார் 12,000 இருக்கைகளோடு திரும்பக் கட்டினார்கள். மைதானத்தின் மொத்தக் கொள்ளளவு 45,000 அளவில் நின்றுவிட்டது. 2006 வாக்கில் ஆர்சனல் 60,000 இருக்கைகளோடும், மான்செஸ்டர் யுனைடெட் அதைவிட அதிகமாகவும் டிக்கெட் வருமானத்தில் எங்கேயோ போய்விட்டார்கள்.

இந்த இடப்பற்றாக்குறையால் ஸ்டான்லி பூங்காவில் புது ஸ்டேடியம் என்ற திட்டம் 2002-இலேயே வந்திருந்தது. 2007-இல் கிளப்பை வாங்கிய அமெரிக்கத் தொழிலதிபர்கள் ஹிக்ஸும் ஜில்லெட்டும் 60 நாளில் வேலை தொடங்கும் என்றார்கள். பிறகு 2008 நிதி நெருக்கடி, கழுத்தை நெரித்த கடன், நீதிமன்றம் வரை போன சண்டை. 2010-இல் கிளப் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் 2012-இல் ஆன்ஃபீல்டிலேயே இருப்பது என்று முடிவெடுத்தார்கள்.

கட்டிய விதம் அபாரம். பழைய மெயின் ஸ்டாண்டில் மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அதன் முதுகுக்குப் பின்னாலேயே புதியது எழுந்தது. 2016 செப்டம்பரில் லெஸ்டரை 4-1 என்று வென்று திறந்தார்கள். ஒரு கோலுக்குப் பின்னால் இருக்கும் ஆன்ஃபீல்ட் ரோடு பக்கத்து ஸ்டாண்டுக்கும் இதே முறைதான். 2023-இல் ஒப்பந்தக்காரர் நிறுவனம் நொடித்துப்போனதால் வேலை இழுத்தடித்தது. இப்போது கொள்ளளவு சுமார் 61,000.

சரி, அந்த இடம் எங்கிருந்து வந்தது? மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லொதேர் ரோட்டில் கிளப் 1990-களிலிருந்தே வீடுகளை வாங்கி, யாரையும் குடிவைக்காமல் போட்டு வைத்தது. ஜன்னல்களில் இரும்புத் தகடு அடித்த வரிசைக்கு நடுவே மிச்சமிருந்த குடும்பங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தன. போகலாமா, இருக்கலாமா என்று கிளப் யோசித்த காலமெல்லாம் அந்தத் தெரு நசிந்தது. அதற்கு முன்பே மைதானத்தின் எதிர்ப்பக்கத்துக் கெம்லின் ரோட்டில் சுற்றியிருந்த வீடுகள் போன பின்னும் இரண்டு சகோதரிகள் 1990 வரை தங்கள் வீட்டைக் கொடுக்காமல் இருந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் 1992-இல் அந்தப் பக்கத்து ஸ்டாண்டுக்கு மேல் தளம் வந்தது. அதுதான் இன்றைய டால்கிளிஷ் ஸ்டாண்ட்.

எவர்டன் 2025-இல் குடிசனை விட்டு ஆற்றோரம் போய்விட்டார்கள். லிவர்பூலும் போயிருந்தால் காப் மண்ணோடு போயிருக்கும். என்னால் அதை ஏற்கவே முடிந்திருக்காது. ஆனால் ஆன்ஃபீல்டை இன்னும் பெரிதாக்கலாமே என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடு இல்லை. டால்கிளிஷ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்கெரீஸ் ரோட்டில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே கை வைக்கக் கூடாது.