கூடங்குளம் அணுமின் நிலையம் உருவாக ஏன் கால் நூற்றாண்டு ஆனது?

ஒப்பந்தம் கையெழுத்தானது 1988-இல். முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். இடைப்பட்ட காலம் முழுவதும் கட்டுமானத்தில் கழியவில்லை என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் உடன்பாடு கண்ட மூன்றே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் கலைந்துபோனதால் திட்டம் கிடப்பில் கிடந்தது. 1998-இல் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் ஏற்பட்டு, 2002-இல்தான் அடித்தளக் கான்கிரீட் போடப்பட்டது. மிகப் பெரிய கருவிகளைக் கடல் வழியாகக் கொண்டுவர அங்கேயே ஒரு சிறு துறைமுகமும் கட்டப்பட்டது.

2011-இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின், கூடங்குளத்தை அடுத்த கடலோர ஊரான இடிந்தகரையின் மக்கள் நடத்திய போராட்டத்தைத் தாமதத்தின் காரணமாக மட்டும் பார்ப்பது நியாயமன்று. மின்சாரம் அடியோடு நின்றுபோனால் உலை எவ்வாறு குளிரும் என்பது, கடலை நம்பி வாழ்வோர் கேட்டே தீர வேண்டிய கேள்வி. இந்த உலைகளில் அதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு: நீராவியாக்கியிலிருந்து வெளிவரும் நீராவி, பம்பு எதுவுமின்றித் தானாக மேலேறி, உலைக் கட்டடத்துக்கு வெளியே உயரத்தில் உள்ள குழாய்களில் காற்றுப்பட்டுக் குளிர்ந்து, நீராகித் தன் எடையாலேயே மீண்டும் கீழே இறங்குகிறது. உலைக்கு அடியில், உருகிய எரிபொருளைத் தாங்கும் கலமும் உண்டு.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க நிபந்தனைகளுடன் அனுமதித்தது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகள் இப்போது இயங்குகின்றன. மேலும் நான்குக்கான பணிகள் 2017 முதல் கட்டங்கட்டமாகத் தொடங்கப்பட்டன.