வெள்ளத்தில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

முழங்கால் அளவு தண்ணீரில் போனபோது கார் நடுவிலேயே நின்றுவிட்டது, தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டோம், இப்போது ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சாவியைத் திருப்பாதீர்கள். உதவிக்கு வந்து நிற்பவர்களில் யாராவது "ஒருமுறை அடித்துப் பார்ப்போமே" என்றாலும் விடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் திருப்பியவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு. பாலத்துக்கு அடியில் போகும் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு லாரி சிரமமில்லாமல் கடந்தது. அதை நம்பி நானும் இறக்கினேன். எதிரே இன்னொரு லாரி வந்தது. அது தள்ளிக்கொண்டு வந்த அலை பானெட்டின் மேல் ஏறியது. என்ஜின் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது. பதற்றத்தில் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே சத்தம், எதுவும் சுழலவில்லை. மறுபடி திருப்பினேன், அதே சத்தம். நான்காவதோ ஐந்தாவதோ முறை என்ஜின் ஓடிவிட்டது. தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அடியில் எங்கோ இரும்பை இரும்பால் தட்டுகிற ஓசை சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த 'டக்' என்ன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. 1,200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அழுத்த விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லிலிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனால் போதும், பிஸ்டன் மேலே போக வழியில்லை. டீசல் என்ஜினில் விகிதம் 15, 16 என்று இருப்பதால் இடம் இன்னும் குறுகல். பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் கீழேயிருந்து தள்ள, இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் இடையில் மாட்டிக்கொண்டு வளைகிறது. மெக்கானிக்குகள் இதை ஹைட்ரோலாக் என்பார்கள். என்ஜின் வேகமாகச் சுழலும்போது தண்ணீர் புகுந்தால் அந்த நொடியிலேயே ராட் போய்விடும். மெதுவாகப் போகும்போது நின்றிருந்தால் பெரும்பாலும் எதுவும் வளையாமல் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைத்தான் சாவி கெடுக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலுவே ராடை வளைக்கப் போதும்.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறித்தான் என்ஜின் கெடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஓடும் என்ஜினின் புகை அழுத்தம் அதைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். என்ஜின் நின்ற பிறகுதான் அந்தப் பக்கம் ஆபத்து. உண்மையான வாசல் காற்று உறிஞ்சும் குழாய். பல கார்களில் அதன் வாய் முன்பக்க கிரில்லுக்கோ ஹெட்லைட்டுக்கோ பின்னால் இருக்கிறது, சிலவற்றில் இன்னும் தாழ்வாக. பானெட்டைத் திறந்து உங்கள் காரில் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தேங்கிய தண்ணீர் அதற்குக் கீழே இருந்தாலும், வேகமாகப் போனால் எழும் அலை அதற்கு மேலே போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது: பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். நீர் எதுவரை ஏறியது என்பதற்கு உள்ளேயும் வெளியேயும் படம் எடுங்கள். பல காப்பீட்டு பாலிசிகளில் வெள்ளச் சேதத்தை ஒருவிதமாகவும், நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை வேறுவிதமாகவும் பார்க்கிறார்கள். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டியில் அனுப்புங்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் சாவியைத் திருப்புவதும் ஒன்றுதான்.

மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கட்டும். ஃபில்டரும் அதற்கு அப்பால் உள்ள குழாயும் உலர்ந்திருந்தால் மூச்சு விடலாம். மின் இணைப்பு எங்கோ நனைந்து நின்றிருக்கக்கூடும். ஈரமாக இருந்தால் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டர்களையும், கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். பிறகு என்ஜின் ஆயிலின் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும், அளவு கூடியிருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். ஆயில் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஸ்டார்ட் செய்தால் பேரிங்குகளுக்கு முதலில் போவது தண்ணீர். ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"இரண்டு நாள் வெயிலில் நின்றால் காய்ந்துவிடும்" என்று சொல்வார்கள். மூடிய சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் அப்படிக் காயாது. சிலிண்டர் சுவரில் துரு சீக்கிரமே பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால் தாமதமும் கூடாது.

எல்லாம் செய்து கார் நன்றாக ஓடினாலும், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ராட் லேசாக வளைந்த என்ஜின் சில காலம் ஓடும். பிறகு ஒருநாள் ராட் உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். என் என்ஜினைப் பிரித்தபோது மூன்றாவது சிலிண்டரின் மேல்பகுதியில் கரிவளையம் மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. வளைந்த ராட் குட்டையாகிவிட்டதால் பிஸ்டன் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ஏறாத இடத்தில் கரி படிந்திருந்தது. மெக்கானிக் நல்ல ராடையும் அந்த ராடையும் அருகருகே மேசையில் வைத்தார். ஒன்று படிந்து கிடந்தது, மற்றதன் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. நகத்தை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. அதற்காக என்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது.

இனி இப்படித் தண்ணீரைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய கார் மிதந்து பிடிப்பை இழக்கலாம். இரண்டு அடி என்றால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது என்ஜினைப் பற்றி அல்ல, உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கார் நின்றபோது எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தீர்கள், அதற்குப் பிறகு யாராவது ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா என்பதைக் கீழே எழுதுங்கள். மெக்கானிக்கிடமும் இந்த இரண்டையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.