கட்டட இடிபாடுகளைக் கையாளவும் மறுசுழற்சி செய்யவும் பொறியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி தருவதென்றால், எதிலிருந்து தொடங்க வேண்டும்?

இடிப்பதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலானோர் கல் உடைக்கும் இயந்திரத்தைக் காட்டுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். அது கடைசிப் பாடம்.

முதல் பாடம் கணக்கெடுப்பு. கட்டடத்தைச் சுற்றிவந்து கான்கிரீட், செங்கல், மரம், கம்பி எவ்வளவு தேறும் என்று எழுதிப் பழக வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை, ஈயப் பெயின்ட் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காணவும் தெரிய வேண்டும். கல்நாரைத் தெரியாமல் உடைத்தால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போகும். புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். பயிற்சி பெற்றவர்கள் அதைத் தனியே அகற்றிய பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது பிரித்து இடிப்பது. கதவு, ஜன்னல், ஒயர், ஜிப்சம் பலகை எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். ஜிப்சத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அது பழைய கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லியோடு கலந்தால் அதிலுள்ள சல்பேட் புதுக் கான்கிரீட்டை உப்பவைத்து விரிசல் விடச் செய்யும். கலந்தபின் பொறுக்கியெடுப்பது படாத பாடு.

அப்புறம்தான் ஜல்லி. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் மறுசுழற்சி ஜல்லி அதிகம் தண்ணீர் குடிக்கும்: இயற்கை ஜல்லி பொதுவாக 1 முதல் 2 சதவீதம் உறிஞ்சினால், இது 4 முதல் 8 சதவீதம்கூட உறிஞ்சலாம். முன்கூட்டி நனைக்காமல் கலந்தால் கலவை சீக்கிரமே இறுகிப்போகும். இதை வகுப்பில் சொன்னால் மண்டையில் ஏறாது. இரண்டு வாளி ஜல்லியை ஊறவைத்து எடைபோடச் சொல்லுங்கள்.